படித்துக் காட்டியதாக ஒரு கையெழுத்து

எங்கள் வக்கீல் அலுவலகத்தில் ஒருவரைப் போகச் சொல்ல வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மேஜைக்கு ஃபைல் வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். ஒருவரைப் பார்ட்னர் ஆக்கலாமா என்று மூன்று தடவை பேசுவார்கள். மூன்று தடவையும் வேண்டாமென்று முடிவானால் மேஜை காலி. அந்த ஆளும் நாலைந்து மாதத்தில், “சொந்தமா பண்ணலாம்னு இருக்கேன்” என்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எனக்கு இரண்டு தடவை முடிந்திருந்தது. வயது நாற்பத்தொன்று. வணிக வழக்குகளிலேயே பதினாறு வருடம். என்னிடம் மனு எழுதக் கற்றுக்கொண்ட இரண்டு பேர் எனக்கு முன்னால் பார்ட்னராகிவிட்டு, “மேடம், நீங்க இல்லேன்னா நான் இல்ல” என்று என்னிடமே வந்து சொன்னார்கள். பல்லைக் காட்டிக் கை கொடுத்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

மூன்றாவது தடவைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது என் சீனியர் ஒரு ஃபைலைத் தள்ளினார். அவர்தான் அலுவலகத்தில் பெரியவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க மட்டும் வராது. அவர் படித்த பள்ளிக்கூடம் அப்படி.

“கள்ளக்குறிச்சி கேஸ்மா. உங்க ஊரு. நீயே நடத்து. மீட்டிங்ல உன்னைப் பத்திப் பேச எனக்கும் ஏதாவது வேணும்ல?”

கட்சிக்காரர் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஜவ்வரிசி மில் முதலாளி. லாரி லாரியாக ஜவ்வரிசி வடக்கே ஒரு பெரிய கம்பெனிக்குப் போயிருக்கிறது. மூட்டைகள் நனைந்து பூசணம் பிடித்து வந்தன என்று கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. எங்களிடமிருந்து காய்ந்துதான் போனது, வழியில் நனைந்தது என்கிறது மில். ஏற்றும்போதே ஈரம் என்கிறது கம்பெனி. இவ்வளவுதான் வழக்கு. இதற்கு ஆயிரம் பக்கம். லோடு ஏற்றும்போது கூட நின்று பார்த்தவர் ஒரே ஒரு ஆள், மில்லின் லோடு மேஸ்திரி. மலைமேல் கரியாலூர்க்காரர். அவர்தான் எங்கள் சாட்சி.

சாமை அறுப்புக்காக மேஸ்திரி மலைக்குப் போயிருந்தார். நானும் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் எனக்குக் குடலே வாய்க்கு வந்துவிட்டது. சொந்த மாவட்டத்து மலைதான், ஆனாலும் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பிறகு நான் ஏறியதே இல்லை. படகுத்துறைப் பக்கம் ஒரு டீக்கடையில் மேஸ்திரி எனக்காக உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஒல்லி, தோளில் மட்டும் நல்ல கனம்.

நான் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர், “அன்னிக்கு இன்னாச்சுன்னா வக்கீலம்மா...” என்று ஆரம்பித்தார். நான், “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க. லோடு ஏத்தும்போது கூட இருந்தீங்கல்ல? தார்ப்பாய் போட்டீங்கல்ல?” என்றேன். “இருந்தேன். போட்டேன்” என்றார். போதும். பையிலிருந்து ஆறு வெள்ளைத்தாள்களை எடுத்து நீட்டினேன். ஒவ்வொன்றிலும் கீழ் ஓரத்தில் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்திருந்தேன், கையெழுத்து விழ வேண்டிய இடம்.

இதை வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். தூரத்துக் கட்சிக்காரரை நாலு தடவை அலைய விடாமலிருக்க வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். பிறகு விஷயத்தை அதற்கு மேலே அச்சடித்துக்கொள்வோம். வரிகளை நெருக்கியும் தள்ளியும் கடைசி வரி சரியாகக் கையெழுத்துக்கு மேலே வந்து நிற்கும்படி செய்வதில் நான் கெட்டிக்காரி. பெரிய திறமை பாருங்கள்!

“இதுல ஒண்ணும் எழுதலியே?” என்றார்.

“எழுதிக்குவோங்க.”

“சரி, படிச்சவங்க சொல்றீங்க.” ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். ஆறு தாளுக்கும் நேரமானது. எனக்கு எரிச்சலாக இருந்தது. பஸ் போய்விடுமே என்று.

அஃபிடவிட்டைச் சீனியர்தான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மூட்டைகள் முற்றிலும் காய்ந்திருந்தன, வானம் தெளிவாக இருந்தது, ஏற்றுமுன்பே தார்ப்பாய் விரிக்கப்பட்டது. எல்லாம் மேஸ்திரி சொன்னதாக. கடைசியில் வழக்கமான வரிகள்: சென்னையில் கையெழுத்தானது, சாட்சிக்கு ஆங்கிலம் தெரியாததால் முழுவதும் தமிழில் படித்துக் காட்டி விளக்கினேன். அதன்கீழே என் கையெழுத்து. ‘என் முன்னிலையில்’ என்ற இடத்தில் பக்கத்து அறை வக்கீல் ஒருவர் சமோசா தின்றுகொண்டே போட்டார். அவருக்கு நான் போடுவேன், எனக்கு அவர் போடுவார். இப்படித்தான் நடக்கும்.

குறுக்கு விசாரணை ஒரு புதன்கிழமைக்கு விழுந்தது. பார்ட்னர்கள் கூட்டம் அதே வாரம் வெள்ளிக்கிழமை. சாட்சியைத் தயார்ப்படுத்த ஞாயிறன்று மறுபடி மலையேறினேன். இந்தத் தடவை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர் ‘சொன்னதை’ அவருக்கே முதல் தடவையாகப் படித்துக் காட்டினேன். அவர் மனைவி பக்கத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பக்கத்திலேயே மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது நான் சொல்லலியே.”

“எதுங்க?”

“அன்னிக்குத் தூறல் போட்டுக்கினு இருந்துச்சு. மூட்ட நனையுதுன்னு மொதலாளிகிட்டயே ஓடிப் போய்ச் சொன்னேன். ‘ஏத்துடா, தார்ப்பாய் போட்டா காஞ்சிடும்’னுட்டாரு. ஏத்தின பொறவுதான் தார்ப்பாய். இத்தத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் பஸ்ஸு பஸ்ஸுன்னுகினு இருந்தீங்க.”

புதன்கிழமை கூண்டில் ஏறி இந்த ஆள் இதைச் சொன்னால் வழக்கு போகும். அதுகூடப் பரவாயில்லை. ‘படித்துக் காட்டினேன்’ என்று நான் போட்ட கையெழுத்து பொய் என்று பட்டப்பகலில் தெரிந்துவிடும். பார்ட்னராவது கீர்ட்னராவது, கறுப்புக் கோட்டே மிஞ்சாது.

சிக்னல் கிடைக்கிற மேட்டைத் தேடி ஓடிப்போய்ச் சீனியரைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறவே இல்லை.

“கையெழுத்து அவருதுதானே?”

“அவருதுதான் சார்.”

“படிச்சுக் காட்டினேன்னு நீதானே போட்டிருக்கே?”

“ஆமா சார்.”

“அப்புறம் என்னமா? அவர் மாத்திச் சொன்னா உன்னைத்தான் கேப்பாங்க. வெள்ளிக்கிழமை வேற வருது. பாத்துக்க.”

பொய் சொல்ல வை என்று அவர் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்கிற ஆளில்லை அவர். அந்த மேட்டில் நின்று மனதுக்குள் அவரை நான் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது. ஆனால் கால் என்னவோ மேஸ்திரி வீட்டுக்குத்தான் திரும்பி நடந்தது.

கை கூப்பினேன். நான், பதினாறு வருடம் கோர்ட்டில் எதிர்த்தரப்பை அலற வைத்தவள் என்று பேர் வாங்கியவள், ஒரு மனிதனைப் பார்த்துப் பொய் சொல்லுங்கள் என்று கும்பிட்டேன். “மூட்டை காஞ்சிருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லேன்னா பார்ட்னரும் ஆக முடியாது, என் பொழப்பே போயிடும்” என்றேன். அழுகையும் வந்துவிட்டது, நடிப்பில்லை. அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேஸ்திரி தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “பார்ட்னருன்னா இன்னா?” என்று கேட்டார். சொன்னேன். பதினாறு வருடக் கதையையும், எனக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போனதையும் சேர்த்துச் சொன்னேன்.

“மூட்ட தூக்கினு இருந்தவன் மேஸ்திரி ஆவுற மாதிரி.”

“ஆமாங்க, அது மாதிரிதான்.”

“எனக்கே பதினோரு வருசம் ஆச்சு. என்னாண்ட வேல கத்துக்கினவன் எனக்கு முன்ன ஆயிட்டான். ஒரு வாரம் சோறு எறங்கல.” துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, மூட்ட காஞ்சிருந்துச்சு. கண்ணத் தொடச்சிக்குங்க.”

அன்று சாயங்காலம் வரை சொல்லிக்கொடுத்தேன். தார்ப்பாயின் எந்த முனையை யார் பிடித்தார், கயிறு எத்தனை சுற்று, வெயில் எந்தப் பக்கம். அவர் பிசகாமல் திருப்பிச் சொன்னார். எல்லா வரியையும் பார்த்தோம், அந்தக் கடைசி வழக்கமான வரிகளைத் தவிர. அதை எந்த வக்கீலும் படிப்பதில்லை. ஆயிரம் தடவை அடித்த வரிகள், கண் தானாகத் தாண்டிப் போய்விடும்.

புதன்கிழமை மேஸ்திரி மடிப்புக் கலையாத புதுச்சட்டையில் சென்னைக் கோர்ட்டுக்கு வந்தார். கூண்டில் ஒரு மணி நேரம் நின்றார். தூறலா, இல்லை. ஈரமா, இல்லை. நான் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், அதிர்ந்து பேசாதவர். முடித்துவிட்டார் என்றே நினைத்தேன். உட்காரப் போனவர் கடைசித் தாளைப் பார்த்துவிட்டுச் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

“மலையிலிருந்து ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. இதுக்கு முன்னாடி சென்னைக்கு வந்திருக்கீங்களா?”

“இல்லீங்க. இதான் மொத தபா. நான் விழுப்புரம் தாண்டுனதே இல்ல.”

கடித்துக்கொண்டிருந்த பேனாவை வாயிலிருந்து எடுத்தேன்.

“இதில் சென்னையில் கையெழுத்துப் போட்டதா இருக்கே?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். இன்னா சொல்லட்டும் என்று முகத்திலேயே கேட்டார். நான் எழுந்திருக்கலாம். தவறு என்னுடையது என்று ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாம். நான் குனிந்து ஃபைலைப் புரட்டினேன். எதையும் தேடவில்லை, சும்மா புரட்டினேன்.

“வந்தேங்க” என்றார் மேஸ்திரி. “மறந்துட்டேன். வந்துதான் போட்டேன்.”

“எங்க இறங்கினீங்க?”

“ஞாபகம் இல்லீங்க.”

“யார் கூட வந்தீங்க?”

“ஞாபகம் இல்லீங்க.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “இதுல உள்ளதை உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?”

“காட்டுனாங்கய்யா. வக்கீலம்மா எல்லாம் படிச்சுக் காட்டுனாங்க.”

வெளியே வந்ததும், “நல்லாத்தான சொன்னேன்?” என்றார். “நல்லா சொன்னீங்க” என்றேன். ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை என்னைப் பார்ட்னர் ஆக்கினார்கள். “மோசமான சாட்சியை வெச்சிக்கிட்டே நல்லா சமாளிச்சா” என்று சீனியர் கூட்டத்தில் சொன்னாராம். லெட்டர்ஹெட்டில் என் பெயர் ஏறியது. கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். “பார்ட்னருன்னா பாதி ஆபீசு உன்னுதாடி?” என்றாள். இல்லை என்றேன். “பின்ன இன்னாத்துக்கு இத்தினி வருசம் மாடு மாதிரி ஒழைச்ச?” என்றாள். இனிப்பு கொடுத்தேன், கேக் வெட்டினேன், போட்டோவில் சிரித்தேன். இத்தனை வருடமாகக் கனவு கண்ட சோறு தட்டில் வந்து விழுந்ததும் ஒரு வாய் இறங்கவில்லை.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. எங்கள் வழக்கு தள்ளுபடி. அதில் ஒரு பத்தி மேஸ்திரியைப் பற்றி. பெயரும் ஊரும் போட்டு, உண்மையைப் பற்றி எள்ளளவும் கவலையில்லாதவர், ஒரே மூச்சில் மாற்றிப் பேசுபவர் என்று எழுதியிருந்தது. அதோடு விட்டிருந்தால்கூட நான் எப்படியோ சமாளித்துக்கொண்டு இருந்திருப்பேன். அடுத்த வரி இது: அஃபிடவிட்டைப் படித்துக் காட்டியதாக நீண்ட அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்றளித்திருக்கிறார், அவரை நம்பாமலிருக்கக் காரணம் ஏதுமில்லை, எனவே பொய்யர் சாட்சியே.

“உன் பேர் தப்பிச்சிடுச்சு. அப்பீல் போகலாம்” என்றார் சீனியர்.

அடுத்த வாரம் மேஸ்திரி போன் செய்தார்.

“தீர்ப்புல என்னப் பத்தி எழுதிக்கீதாமே வக்கீலம்மா. உன்னாலதான் கேஸு போச்சுன்னு மொதலாளி வேலைய வுட்டு நிறுத்திட்டாரு. சின்னசேலம் பக்கம் நாலு மில்லுல கேட்டேன். அந்தப் பக்கத்த போட்டோ புடிச்சு எல்லாருக்கும் அனுப்பிக்கீறாங்க. பொய் சொல்ற ஆளு வேணாங்கறாங்க. அதுல இன்னாதான் எழுதிக்கீது?”

“நேர்ல வந்து படிச்சுக் காட்டறேங்க” என்றேன். என் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்தது.

மூன்றாம் தடவை மலையேறினேன். அதே வாசல். அவரும் மனைவியும் எதிரே உட்கார்ந்தார்கள். அந்தப் பத்தியை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மெழுகிச் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. என்னை நம்பாமலிருக்கக் காரணமில்லை என்ற வரியைப் பாதியில் விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“அப்ப ஜட்ஜய்யா உங்கள நம்பிட்டாரு” என்றார்.

“ம்.”

“நானுந்தான் நம்பிப் போட்டேன்.”

திட்டியிருக்கலாம். என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் மனைவிதான் கேட்டார். “இவரு பொய்யன்னு ஊரே சொல்லுது. ஊட்டுக்கு வந்து அழுதது நீங்க. இதுக்கு இன்னா வழின்னு சொல்லிட்டுப் போங்க.”

பையைத் துழாவி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். கீழே என் கையெழுத்தைப் போட்டு நீட்டினேன். “இதுல நீங்க என்ன வேணா எழுதிக்குங்க. நான் மறுக்க மாட்டேன்.”

மேஸ்திரி வாங்கவில்லை. முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்து பார்த்தேன்.

“வெத்துப் பேப்பர எங்கிட்ட நீட்டாதீங்க. நடந்தத எழுதுங்க. எழுதி, படிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடுங்க கையெழுத்து.”

“இது வெளிய போனா உங்களுக்கும் ஆபத்துங்க. கோர்ட்ல பொய் சொன்னதா...”

“வேல போச்சு. பேரு போச்சு. இன்னும் இன்னா கீது போவறதுக்கு? எழுதுங்க.”

வேறு தாள் எடுத்து எழுதினேன். ஒரு மூச்சில் அறுபது பக்கம் எழுதுகிறவள், அந்த ஒன்றேகால் பக்கத்துக்குத் தடுமாறினேன். எழுதியது இதுதான்: வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினேன். படித்துக் காட்டவில்லை. மழையில் மூட்டை நனைந்ததை இவர் முதலாளியிடம் சொன்னார், என்னிடமும் சொன்னார். பொய் சொல்லும்படி நான்தான் கும்பிட்டுக் கேட்டேன். எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினேன்.

“மழன்னு போட்டுக்கீறீங்க” என்றார். “மழ இல்ல. தூறல். தூறல்னு போடுங்க.”

அடித்துவிட்டுத் தூறல் என்று எழுதினேன். தேதி போட்டேன். இடம் என்ற சொல்லுக்கு எதிரே கரியாலூர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் போனில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினார். சிக்னல் இல்லாததால் அது போகாமல் நின்றது. “மேட்டுக்குப் போனா போயிடும்” என்றார். நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வரட்டுமா என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

கள்ளக்குறிச்சியில் இறங்கியும் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேராக உளுந்தூர்பேட்டைக்கு வந்து சென்னை பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் ஸ்டாண்டில் “திருச்சி, திருச்சி, திருச்சி” என்று ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். போன் அடித்தது. சீனியர்.

“மில் ஓனர் ஏதோ அனுப்பியிருக்கார். உன் கையெழுத்துன்னு கத்தறார். எல்லாம் தமிழ்ல இருக்கு. எனக்குப் படிக்க வராதுன்னு தெரியும்ல? என்னம்மா இது?”

“படிச்சுக் காட்டறேன் சார்.”

ஒரு காதைப் பொத்திக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். அடித்துத் திருத்திய இடம் வந்ததும், “என்னது, மழையா?” என்றார். “மழை இல்ல சார், தூறல்” என்றேன். தேதியையும் படித்தேன், இடத்தையும் படித்தேன்.

“கையெழுத்து உன்னுதுதானா?” என்றார்.

“என்னுதுதான் சார்” என்றேன்.